70 விழுக்காடு அரசாங்கம் ஏற்கிறதே, பிறகு வங்கி ஏன் மறுக்கிறது?

கேள்வி: தேக்காவில் கேட்டரிங் தொழில் செய்கிறேன். பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 100,000 வெள்ளி கடன் கேட்டேன், வங்கி மறுத்துவிட்டது. புது நிறுவனங்களின் கடனில் 70 விழுக்காட்டை அரசாங்கமே ஏற்கும் என்கிறார்களே? ஆர்டர் பணம் பெரும்பாலும் என் சொந்தக் கணக்குக்குத்தான் பேநவ்வில் வருகிறது, அதனால் ஏதும் சிக்கலா?

பதில்: சிக்கலே அதுதான் அண்ணே.

முதலில் அந்த 70. அரசாங்க அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நடைமுறை மூலதனக் கடன் (தொழிலின் அன்றாடச் செலவுக்கான கடன்) திட்டத்தில் அதிகபட்சம் 500,000 வெள்ளி, ஐந்து ஆண்டு வரை தவணை. நீங்கள் கட்ட முடியாமல் போனால் வங்கிக்கு வரும் நட்டத்தில் பாதியை அரசாங்கம் ஏற்கும், தொடங்கி ஐந்து ஆண்டுக்குள் இருக்கும் நிறுவனம் என்றால் 70 விழுக்காடு. இதெல்லாம் வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் உள்ள கணக்கு. உங்கள் கடன் ஒரு வெள்ளிகூடக் குறையாது, இயக்குநர் என்று சொந்த உத்தரவாதக் கையெழுத்தும் பெரும்பாலும் கேட்பார்கள். கொடுப்பதா இல்லையா என்பதும் வங்கியின் முடிவுதான்.

அந்த அதிகாரி உங்கள் பிரியாணியைச் சாப்பிட்டுப் பார்த்தா முடிவெடுக்கிறார்? நிறுவனக் கணக்கின் ஸ்டேட்மெண்டையும் வருமானவரி மதிப்பீட்டையும்தான் பார்க்கிறார். தீபாவளி மாதத்தில் நீங்கள் தூங்காமல் சமைத்த பணமெல்லாம் வேறு கணக்கில் கிடக்கும்போது, அவர் கண்ணுக்கு உங்கள் கடை படுத்துக் கிடக்கிறது. நிறுவனத்தின் பதிவெண்ணான யுஇஎன்னில் பேநவ் கியூஆர் எடுத்து, கல்லாவிலும் பில்லிலும் ஒட்டுங்கள். வீட்டுச் செலவுக்கு அந்தக் கணக்கில் கை வைக்காதீர்கள், சம்பளமாக எடுங்கள். ஆறு மாத ஸ்டேட்மெண்ட் சேர்ந்ததும் திரும்பப் போங்கள். உங்கள் சொந்த கிரெடிட் கார்டு பாக்கியும் பார்க்கப்படும். கோபத்தில் ஐந்து வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பித்தால் அத்தனை விசாரணையும் உங்கள் கடன் வரலாற்றை வைத்திருக்கும் கிரெடிட் பீரோவில் பதிவாகும், அது நல்லதில்லை.

அதுவரை? அலுவலக ஆர்டர்களுக்குப் பணம் 30, 60 நாள் கழித்து வருகிறதென்றால், அந்தப் பில்லைக் காட்டி முன்பணம் வாங்கும் வழி இருக்கிறது. ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர்கள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள்.

அப்புறம், 'வட்டி 5 விழுக்காடுதான்' என்று யாராவது சொன்னால் எந்த 5 என்று கேளுங்கள். 100,000 வெள்ளிக்கு மூன்று ஆண்டு ஃபிளாட் 5 என்றால் வட்டி 15,000, மாதம் சுமார் 3,194. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தும் முழுத் தொகைக்கே வட்டி போடுவதால் உண்மையில் அது ஆண்டுக்கு 9.3 விழுக்காட்டுப் பக்கம் வரும். கையெழுத்துக்கு முன், சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் எஸ்எம்இ (சிறிய, நடுத்தர நிறுவன) நிலையத்தில் தாள்களைக் காட்டிவிடுங்கள், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.