எல்லாம் பச்சையில்தான் இருக்கு, ஆனாலும் டயர் தேயுதே!

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 987 மாடல் போர்ஷே கேமன் எஸ் கார் வைத்திருக்கிறேன். ஓட்டம் பெரும்பாலும் நாலுவழிச் சாலை. மாதம் ஒருமுறை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல். பின் டயர் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகிவிட்டன. அலைன்மென்ட் கடையில் மெஷினைப் பார்த்து ‘எல்லாம் பச்சையில்தான் இருக்கு சார்’ என்கிறார்கள். நண்பரோ முன் கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) மைனஸ் இரண்டரை டிகிரி வைக்கச் சொல்கிறார். என்ன அளவு கேட்பது?
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: மைனஸ் இரண்டரை டிராக்குக்குப் போகிறவர்கள் வைப்பது. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போதுதான் அதற்கு வேலை. வத்தலக்குண்டு வரை நேர்ச்சாலையில் உள்விளிம்பைத் தின்றுகொண்டே வரும்.

உங்கள் பின் டயரில் கேம்பரைவிட டோ மேல்தான் எனக்குச் சந்தேகம். சக்கரத்தின் முன்முனை உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே திரும்பியிருந்தால் டோ-அவுட். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பி நின்றால், 1 கிலோமீட்டர் ஓட்டத்தில் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிற கணக்கு. டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பப் பல் மாதிரி தட்டினால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே போகும்போது தட்டினால் டோ-அவுட்.

கேட்க வேண்டிய அளவு: பின் கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி. பின் டோ-இன் சக்கரத்துக்கு 6 முதல் 9 நிமிடம் (கோண அளவு). முன் கேம்பர் மைனஸ் 1 அல்லது கொஞ்சம் கூட, முன் டோ-இன் சக்கரத்துக்கு 2, 3 நிமிடம் போதும். டயரைக் காப்பாற்ற பின் டோவை பூஜ்யமாக்காதீர்கள். நடுவில் இன்ஜின் உள்ள வண்டி. வளைவுக்குள் ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே ஓடும்.

நிமிடம் என்று அழுத்திச் சொல்லுங்கள். 60 நிமிடம் ஒரு டிகிரி. நீங்கள் டிகிரியை நினைத்து ‘பாயின்ட் ஒன் ஜீரோ’ என்பீர்கள். மெஷின் நிமிடக் கணக்கில் இருந்தால் அவர் 10 நிமிடம் வைப்பார். அது 0.17 டிகிரி! பிரின்டில் இருப்பது ஒரு சக்கரத்து அளவா, இரண்டின் மொத்தமா என்றும் பாருங்கள்.

வண்டியை அலைன்மென்ட் தட்டில் ஏற்றுமுன் டயர் காற்று குளிர்ந்த நிலையில் சரியாக இருக்கட்டும், டேங்கில் பாதி பெட்ரோல். தனியாக ஓட்டுகிறவர் என்றால் டிரைவர் சீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்று வையுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். முதலில் பின் கேம்பர், அதன்பின் பின் டோ, பிறகுதான் முன்பக்கம். கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும் என்பதால் இந்த வரிசை மாறக்கூடாது. முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் உள்ள மூன்று நட்டையும் தளர்த்தி உள்பக்கம் தள்ள வேண்டும். எந்தப் பக்கம் குறைவாக வருகிறதோ, மற்றதையும் அதே அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் அளவை மாற்றத் திருப்புகிற எக்சென்ட்ரிக் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். நட்டை முறுக்கும்போது அளவு நகரும், ஆகவே முறுக்கிய பிறகு எடுத்த பிரின்ட்தான் கணக்கு.

இதற்கெல்லாம் முன்னால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்களைக் கடப்பாறை வைத்து நெம்பிப் பார்த்துவிடுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் தட்டில் நிற்கும்போது ஒரு அளவு, பிரேக் பிடிக்கும்போது வேறு அளவு. மெஷின் பச்சை காட்டியும் டயர் தேய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: என் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கும் கேம்பர் போல்ட் போடலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: பொருந்தாது. கேம்பரை மாற்ற உதவும் அந்த போல்ட், ஸ்ட்ரட்டை நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இரண்டு போல்ட்டால் பிடிக்கிற வண்டிகளுக்கானது. போலோவில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் இறங்கி கிளாம்பாக நிற்கிறது. முன் டோ மட்டும் திருப்பலாம். இடம் வலம் கேம்பர் வித்தியாசம் இருந்தால் சப்ஃபிரேமை (முன்பக்கம் அடியில் உள்ள துணைச்சட்டம்) தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவரலாம். அப்படியும் ஒரு பக்கம் ஒத்துவராவிட்டால், ஏதோ வேகத்தடையில் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கும். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.