52-இலிருந்து 27 போனால்: தேர்வும் மதிப்பெண்ணும், கேள்வி பதில்

கேள்வி (இரண்டாம் வகுப்பு ஆசிரியை): கடன் வாங்கிக் கழித்தலில் குறையறி தேர்வு (யாருக்கு எங்கே புரியவில்லை என்று கண்டறியும் தேர்வு) வைத்தேன். 52 − 27 என்ற கணக்குக்கு 11 பேர் 35 என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் திரும்ப முதலிலிருந்து நடத்த வேண்டுமா சார்?

பதில்: பொறுங்கள் டீச்சர். முதலில் நீங்கள் கொடுத்த கணக்கைப் பார்ப்போம். அதில் 35 வருவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்றாம் இடத்தில் மேலே 2, கீழே 7. ‘பெரிசிலிருந்து சிறிசைக் கழி’ என்று 7-இல் 2 போக 5 என்று போடும் பிள்ளைக்கு 35 வரும். முறையாகக் கடன் வாங்கி 12-இல் 7 போக 5 என்று எழுதிவிட்டு, பத்தாம் இடத்து 5-ஐ 4 ஆக்க மறந்த பிள்ளைக்கும் அதே 35தான். முதல் பிள்ளைக்கு இனமாற்றமே, அதாவது ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவதே, புரியவில்லை. அடுத்த பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது, அடித்து எழுதும் பழக்கம்தான் இல்லை. உங்கள் 11 பேரில் யார் எந்த வகை என்று இந்தக் கணக்கை வைத்துச் சொல்லவே முடியாது.

53 − 27 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 26. சிறிசைக் கழித்தவர் 34 எழுதுவார், குறைக்க மறந்தவர் 36 எழுதுவார். ‘3-இல் 7 போகாது, அதனால் 0’ என்று நினைப்பவர் 30 என்பார். 80 வந்தால் குறியைக் கவனிக்காமல் கூட்டியிருக்கிறார். ஒன்றாம் இட எண்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும் முதல் இரண்டு தவறும் ஒன்றாகிவிடும். ஆகவே கணக்கு தயாரிக்கும்போது அந்த 5-ஐத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே கணக்கை வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஒரே வகையில் 4 கணக்கு கொடுத்து, 3-இலாவது அதே தவறு திரும்பினால்தான் அது புரிதல் கோளாறு. ஒன்றில் மட்டும் பிசகியிருந்தால் கவனக்குறைவு. 60 − 27 போலச் சுழி வரும் கணக்கு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். குறைதீர் கற்பித்தலும் ஆளுக்கு ஏற்ப மாறும். 34 எழுதியவருக்குப் பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். 36 எழுதியவருக்குக் கட்டெல்லாம் தேவையில்லை, பத்தாம் இடத்தை அடித்துப் புது எண்ணை மேலே எழுதிய பிறகே கழிக்க வேண்டும் என்று இரண்டு மூன்று நாள் பழக்கினால் போதும்.

கேள்வி (நடுநிலைப் பள்ளி ஆசிரியர்): வளரறி மதிப்பீட்டின் (அ) பகுதியான செயல்பாடுகளில் எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் இருபதுக்கு 18-க்கு மேல்தான் விழுகிறது. இது சரியா?

பதில்: கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி 40, பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி 60 என்பது கணக்கு. வளரறியின் (அ) செயல்பாடு, (ஆ) சிறு தேர்வு இரண்டிலும் இருபதுக்கு 18 வீதம் 36-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டால், எழுத்துத் தேர்வில் 60-க்கு 15 வாங்கிய பிள்ளைக்கு மொத்தம் 51. தரநிலை சி1. தாளில் கால்வாசிதான் தெரிந்திருக்கிறது, அட்டையில் நடுத்தரம் என்று போகிறது. பெற்றோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

மதிப்பெண் எதற்குப் போகிறது என்பதுதான் சிக்கல். சார்ட் ஒட்டிக்கொண்டு வந்ததற்கும் ஸ்கெட்ச் பேனாவால் அழகாக எழுதியதற்கும் 10 போட்டால், அளந்தது அம்மா அப்பாவின் உழைப்பை. செயல்பாட்டை வகுப்பிலேயே செய்யச் சொல்லுங்கள். முடித்ததும் ஆளுக்கு ஒரு கேள்வி: ‘இதில் இந்தப் பகுதியை மாற்றினால் என்ன ஆகும்?’ 10-இல் 4 மதிப்பெண்ணை அந்தப் பதிலுக்கு ஒதுக்குங்கள். எல்லோரும் 9, 10 என்று நிற்பது அப்போது கலையும்.

கேள்வி (பி.எட். மாணவி): வினாப் பகுப்பாய்வை (ஒவ்வொரு வினாவும் நல்ல வினாதானா என்று விடைகளை வைத்துப் பார்ப்பது) புத்தகத்தில் படித்தேன். 40 பேர் இருக்கும் வகுப்பில் கையால் செய்ய முடியுமா?

பதில்: அரை மணி நேர வேலைதான். தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலிருந்து 27 விழுக்காடு, கீழிருந்து 27 விழுக்காடு எடுக்க வேண்டும். 40 பேருக்கு 10.8 வரும், 11 என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் 18 தாளை ஓரமாக வையுங்கள்.

ஒரு வினாவுக்கு மேல் குழுவில் 9 பேர், கீழ்க் குழுவில் 4 பேர் சரி என்றால் கடினக் குறியீடு (சரியாக எழுதியவர்களின் பங்கு; கூடினால் எளிய வினா) 13-ஐ 22-ஆல் வகுக்க 0.59. பிரித்தறியும் குறியீடு (நன்றாகப் படிப்பவரையும் படிக்காதவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது) 9-இல் 4 போக 5, அதை 11-ஆல் வகுக்க 0.45. 0.40-க்கு மேல் என்றால் நல்ல வினா. 0.20-க்குக் கீழே போனால் திருத்த வேண்டும் அல்லது தூக்கிவிட வேண்டும்.

மேல் குழுவில் 4, கீழ்க் குழுவில் 7 என்று தலைகீழாக வந்தால் −0.27. உடனே விடைக்குறிப்பை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தவறு இருக்கும். அது சரியாக இருந்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளை கூடுதலாக யோசித்து இன்னொரு விடையும் பொருந்துவதைக் கண்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: 11 பேர் குழுவில் ஒரே ஒரு பிள்ளையின் விடை மாறினாலே குறியீடு 0.09 நகரும். 0.38-க்கும் 0.42-க்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

கேள்வி (பெற்றோர்): பையன் தமிழில் 72, கணக்கில் 60. கணக்குக்கு டியூஷன் சேர்க்கலாமா?

பதில்: வகுப்புச் சராசரியைக் கேட்டீர்களா? தமிழில் சராசரி 68, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் அரை விலக்கம்தான் மேலே. கணக்கில் சராசரி 45, விலக்கம் 10 என்றால் அவன் ஒன்றரை விலக்கம் மேலே நிற்கிறான். அப்படியானால் வகுப்போடு ஒப்பிடும்போது கணக்குதான் அவனுக்கு நன்றாக வருகிறது. டியூஷனை அப்புறம் பார்ப்போம், கணக்கு விடைத்தாளை வாங்கி எந்தப் பகுதியில் அந்த 40 போயிற்று என்று பாருங்கள்.

கேள்வி (உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்): கட்டுரை திருத்தும்போது காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை என்று ஆகிவிடுகிறது.

பதில்: எல்லோருக்கும் நடப்பதுதான் ஐயா. தாள் தாளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். 40 பேருடைய கட்டுரையையும் முடித்த பிறகே கடிதத்துக்குப் போக வேண்டும். இடையில் கட்டைக் கலைத்து அடுக்குங்கள். நன்றாக எழுதிய மூன்று தாளை அடுத்து வரும் சுமாரான தாளுக்குப் பெரும்பாலும் அநியாயமாகக் குறையும். முகப்புப் பக்கத்தை மடித்துவிட்டால் பெயர் கண்ணில் படாது, கையெழுத்து மட்டும் காட்டிக்கொடுக்கும்.

அளவுகோலை முன்பே எழுதி வையுங்கள். 5 மதிப்பெண் என்றால் கருத்துக்கு 2, வரிசைக்கு 1, சான்றுக்கு 1, பிழையின்மைக்கு 1. சந்திப்பிழைக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைத் தாண்டிக் கை வைக்கக் கூடாது, நமக்கு அதில்தான் பேனா துள்ளும். கடைசியில் முதல் 5 தாளை மறுபடி எடுத்து, பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் போடுங்கள். ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் அளவுகோல் தெளிவாக இல்லை.

கேள்வி: மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் விரிவாகக் குறிப்பு எழுதுகிறேன். யாருமே படிப்பதில்லை.

பதில்: எண்ணைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுவார்கள். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் இஸ்ரேலிய மாணவர்களிடம் ஆய்ந்து 1988-இல் வெளியிட்டதும் இதைத்தான் காட்டியது: குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தாளைக் குறிப்போடு மட்டும் கொடுங்கள். ‘இரண்டாம் பத்தியில் காரணம் இல்லை, ஒரு வரி சேர்’ என்பதுபோல் செய்யக்கூடியதாக இருக்கட்டும். ‘இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதினால் பிள்ளை எதைச் செய்யும்? திருத்தி எழுதி வாங்கிய பிறகு, அடுத்த நாள் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி: கொள்குறி வினாவில் நான்காவது விருப்பம் கிடைக்காமல் ‘மேற்கண்ட அனைத்தும்’ போடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு விருப்பம் சரி என்று தெரிந்தாலே பிள்ளை அதைக் குறித்துவிடும், மூன்றாவதைப் படிக்கவே தேவையில்லை. நான்காவது கிடைக்காவிட்டால் மூன்றோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் பழைய நோட்டுகளைப் புரட்டுங்கள். மேலே சொன்ன 34, 36, 30 எல்லாம் பிள்ளைகளே எழுதித் தரும் விருப்பங்கள்தான்.