பனியில் உறைந்த பொறி நரியைப் பிடிக்காது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, ஓய்வு பெற்ற பிறகு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் லின்ட்சே பக்கம் பத்து ஏக்கர் நிலம் வாங்கி முப்பது கோழி வளர்க்கிறோம். டிசம்பரில் பனி விழத் தொடங்கியதிலிருந்து நரியும் கயோட்டியும் (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய காட்டு விலங்கு) வருகின்றன. இதுவரை எட்டுக் கோழி போய்விட்டது. கடையில் கேட்டதற்கு ஆறு கால்பொறி, ஒரு பெரிய கம்பிக்கூண்டு, விலங்கைப் பொறிக்கு இழுக்கிற வாசனை மருந்து என்று நானூறு டொலருக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். இதில் எதை வாங்குவது?

பதில்: இன்றைக்கு எதையும் வாங்கவேண்டாம். முதலில் மாகாண இயற்கைவள அமைச்சின் உள்ளூர் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். ஒன்ராறியோவில் பொறி வைப்பதற்கு உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு முன்னால் சுமார் 40 மணித்தியாலப் பயிற்சியும் பரீட்சையும் இருக்கின்றன. விவசாயிக்கும், தன் சொத்தைக் காப்பாற்ற முனைபவருக்கும் 1997ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் சில விலக்குகளைத் தருவது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் விவசாயி என்று சொல்வது விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவரை. பத்து ஏக்கரும் முப்பது கோழியும் இருந்தால் போதும் என்று நீங்களாக முடிவுகட்டக் கூடாது.

உங்கள் பகுதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அல்கொன்குவின் ஓநாய் அழியும் ஆபத்தில் இருப்பதால் அல்கொன்குவின் பூங்காவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஓநாயை மட்டுமல்ல, கயோட்டியைப் பிடிப்பதற்கும் தடை. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் காரணம். 2016இல் இந்தத் தடை கவார்த்தா ஹைலண்ட்ஸ் பூங்காப் பகுதி உட்பட இன்னும் மூன்று இடங்களுக்கு விரிந்தது. லின்ட்சேயிலிருந்து வடகிழக்கே அது அதிக தூரமில்லை. உங்கள் நிலம் எந்தப் பக்கம் விழுகிறது என்று வரைபடத்தை வைத்துக் கேளுங்கள்.

அந்தப் பெரிய கம்பிக்கூண்டை மறந்துவிடுங்கள். அதற்குள் ரக்கூன் நுழையும், அடுத்த வீட்டுப் பூனை நுழையும், வளர்ந்த கயோட்டி கிட்டத்தட்ட நுழையவே நுழையாது. தப்பித்தவறி ஒன்று மாட்டினாலும் தூரக் காட்டில் கொண்டுபோய் விடலாம் என்று எண்ணவேண்டாம். பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் விடலாம் என்பது ஒன்ராறியோ விதி. விலைச்சீட்டில் ஆகப் பெரிய தொகை அதற்குத்தான் இருக்கும்; அதை அப்படியே மிச்சம் பிடியுங்கள்.

அந்தக் காசைக் கோழிக்கூட்டில் போடுங்கள். கோழிவலை என்று விற்கிற மெல்லிய அறுகோணக் கம்பி கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, நரி உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றுவைத்த கம்பிவலை வாங்குங்கள். மின்வேலி வாங்குவதென்றால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "பனியில் வேலை செய்யுமா?" சாதாரண மின்வேலியில் மின்சாரம் விலங்கின் உடல் வழியாக நிலத்துக்குப் போனால்தான் அடி விழும். காய்ந்த பனி மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு அடிப் பனியின் மேல் நிற்கிற நரிக்கு அடி உறைக்காது. மின்கம்பியும் நிலக்கம்பியும் மாறிமாறி வருகிற வலை இருக்கிறது. விலை கூட, ஆனால் ஜனவரியில் பயன்படுவது அதுதான். காற்றில் பனி குவிந்து வேலிக்கு மேலால் பாதை போட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் ஓரத்தை வழித்துவிட வேண்டும்.

போன எட்டுக் கோழிக்கு மாகாணத்தின் வனவிலங்குச் சேத இழப்பீட்டுத் திட்டம் உண்டு. நிபந்தனைகளுக்கு நீங்கள் பொருந்துகிறீர்களா என்று நகரசபையில் கேளுங்கள். இனி ஒன்று போனால் அன்றைக்கே அறிவியுங்கள், தடயத்தைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: உரிமம் எடுத்து இது இரண்டாவது குளிர்காலம். கால்பொறி நல்லதாகத்தான் வாங்கினேன். ஆனால் பனி உருகி மறுபடி உறைந்தால் பொறி அசையவே இல்லை. கடையில் ஒருவர் உப்புப் போடு என்கிறார், இன்னொருவர் காருக்கு ஊற்றுகிற ஆன்டிஃபிரீஸை ஊற்று என்கிறார். எதை வாங்க?

பதில்: கார் ஆன்டிஃபிரீஸை மட்டும் தொடாதீர்கள், தயவுசெய்து. அதில் பெரும்பாலும் இருப்பது எதிலீன் கிளைகோல். இனிப்பாக இருக்கும், நாய் நக்கும், சிறுநீரகம் செயலிழந்து சாகும். பூனைக்கு ஒரு தேக்கரண்டியே போதும். கிளைகோல்தான் வேண்டுமென்றால் முகாம் வண்டிகளின் தண்ணீர்க்குழாய்க்கு ஊற்றுகிற புரோப்பிலீன் கிளைகோல் கிடைக்கும். புட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து வாங்குங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

உப்பு மலிவு. ஆனால் -10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பால் பெரிய பயனில்லை. கல்சியம் குளோரைட் -25 வரைக்கும் தாக்குப்பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே குறை: இரும்பைத் தின்னும். கல்சியம் குளோரைட் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து மண்ணைச் சேறாக்கும். வாசனை மருந்துக்கு வந்த நரி அந்தச் சேற்றில் காலை வைக்கத் தயங்கும். மார்கழிக் கடைசியில் உப்பில் கிடந்த பொறியை மாசியில் எடுத்துப் பாருங்கள், வில் துருவேறிக் கிடக்கும்.

என் கைக்காசை நான் போடுவது மெழுகு மண்ணில்தான். நன்றாகக் காய்ந்த, சலித்த மண்ணைச் சூடாக்கி, பாரஃபின் மெழுகுச் சீவலைப் போட்டுக் கிளறினால் ஒவ்வொரு துகளிலும் மெழுகு பூசிக்கொள்ளும். தண்ணீர் அதில் ஏறாது, ஏறாததால் உறையாது. கடையில் வாளியாகவும் கிடைக்கும், ஆனால் மண்ணுக்குக் கொடுக்கிற விலையா அது என்று தோன்றும். கோடையில் கறுப்பு பிளாஸ்ரிக் விரிப்பில் மண்ணைப் பரப்பி வெயிலில் காயவிட்டுச் செய்தால் மெழுகுக்கு மட்டும்தான் செலவு. இது ஆடியில் செய்கிற வேலை. தை பிறந்த பிறகு காய்ந்த மண்ணுக்கு எங்கே போவது? இந்த வருடம் தப்பவேண்டுமென்றால் ஒரு மூட்டை பீட் மொஸ் (தோட்டத்துக்குப் போடுகிற மக்கிய பாசி) வாங்கி வீட்டுக்குள் வைத்துக் காயவிடுங்கள். மலிவு, உலர்ந்திருக்கும்வரை நல்லது. ஒருமுறை நனைந்தால் கல்தான்.

என் முதல் குளிர்காலத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசையும். இரவு மழை தூறி விடியற்காலையில் உறைந்திருந்தது. பொறிக்குப் போய்ப் பார்த்தால் கயோட்டியின் நான்கு விரல் தடம், மிதித்தால் பொறியை மூடவைக்கிற மிதிதட்டுக்கு நேர் மேலே, அச்சுப் பதித்ததுபோல இருந்தது. பொறி அசையவில்லை. பொறிக்குழியின் அடியில் ஈரமண் விட்டிருந்தேன், அதுதான் காரணம். அடியிலும் மெழுகு மண், மிதிதட்டின் கீழே ஒரு மெழுகுத்தாள், மேலே மறுபடி மெழுகு மண். மூன்றில் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் வீண். குழியை ஊசியிலை மரத்தின் அடியில், பனி குறைவாக விழுகிற இடத்தில் தோண்டினால் பாதி வேலையை மரமே பார்த்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. கால்பொறியை உருகிய மெழுகில் தோய்த்தெடுப்பது நல்ல பழக்கம். துருவையும் தடுக்கும், உறைவையும் தடுக்கும். ஆனால் உடலை நெரிக்கிற சதுரப் பொறிகளுக்கு மெழுகு பூசக் கூடாது. வழுக்கி உங்கள் கையிலேயே மூடும்.

பொறியை நிலத்தோடு பிணைக்கிற ஆணியை அடிப்பதையும் நிலம் உறையுமுன் செய்திருக்க வேண்டும். உறைந்த தரையில் இரும்புக்கம்பி இறங்காது, இறங்கினால் பங்குனிவரை வராது. இப்போது வாங்குவதென்றால் இரட்டைக் கொக்கியும் ஏழெட்டு அடிச் சங்கிலியும் வாங்குங்கள். பிடிபட்ட விலங்கு கொஞ்சத் தூரம் இழுத்துப் போய்ப் புதரில் சிக்கி நிற்கும். பனியில் தடம் பிடித்துப் போவது கஷ்டமில்லை. உயிரோடு பிடிக்கிற பொறியை நாள்தோறும் பார்க்கவேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. -20இல் கால் மாட்டி நிற்கிற ஒரு உயிருக்கு அதுவே நீண்ட நேரம். விடியுமுன் எழும்ப முடியாத வாரத்தில் பொறியை மூடிவிட்டு வாருங்கள்.

கேள்வி: இணையத்தில் பழைய கால்பொறிகள் ஒரு டசின் அரை விலைக்கு வருகின்றன. வாங்கலாமா?

பதில்: கயோட்டிக்கென்றால் பெரும்பாலும் வேண்டாம். 1997இல் கனடா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா ஆகியன மனிதாபிமானப் பொறித் தரம் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன. அதன் பட்டியலில் கயோட்டி இருக்கிறது, செந்நரி இல்லை. எனவே கயோட்டிக்கு வைக்கும் பொறி சோதித்துச் சான்றளிக்கப்பட்ட வகையாக இருக்கவேண்டும். ஃபர் இன்ஸ்டிடியூட் ஒஃப் கனடா என்ற அமைப்பு சான்று பெற்ற பொறிகளின் பட்டியலை வெளியிடுகிறது. பெயரையும் இலக்கத்தையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது, தாடையின் அமைப்பையும் ஒப்பிடுங்கள். ஒரே பொறி தடித்த தாடையோடு வந்தால் சான்று உண்டு, மெல்லிய தாடையோடு வந்தால் இல்லை என்றாகலாம். றப்பர் பூசியது, அல்லது மூடும்போது நடுவே சிறு இடைவெளி விடுகிற தடித்த தாடை காலை நொறுக்காது. சங்கிலி முறுக்காமல் சுழலவிடுகிற சுழலி எத்தனை, அவை துருவின்றிச் சுழல்கின்றனவா என்றும் பாருங்கள். பல்லுள்ள பழைய பொறி என்றால் சுவரில் மாட்டி வைக்கத்தான்.

கேள்வி: சுருக்குக்கம்பி உறையாது, விலையும் சில டொலர்தான் என்கிறார்களே?

பதில்: உண்மை. பனிக்கு அதைப்போல ஒத்துப்போகிற கருவி வேறில்லை. தரையிலிருந்து உயர்த்தித் தொங்கவிடுவதால் உறைவதற்கு ஒன்றுமில்லை. பனி ஏறஏறச் சுருக்கையும் ஏற்றவேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாய் நடக்கிற பாதை எதுவும் அருகில் இருந்தால் வாங்கவே வேண்டாம். கால்பொறியில் மாட்டிய நாயை விடுவித்து அனுப்பலாம். கழுத்துச் சுருக்கில் நீங்கள் போய்ச் சேருமுன் முடிந்திருக்கும். உங்கள் ஊரில் அனுமதி உண்டா என்பதையும் அமைச்சில் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

கேள்வி: தோலை விற்றுச் செலவை எடுத்துவிடலாமா?

பதில்: அந்தக் கணக்கை வைத்துப் பொறி வாங்காதீர்கள். குளிர்ச்சட்டைத் தொப்பியின் ஓரத்தில் வைத்துத் தைப்பதற்காகத்தான் கயோட்டி மயிருக்குச் சில ஆண்டுகள் நல்ல விலை இருந்தது. 2021இல் குளிர்ச்சட்டை தயாரிக்கிற கனடா கூஸ் நிறுவனம் விலங்கு மயிர் வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதோடு பெரிய வாங்குநர் ஒருவர் போனார். ஒன்ராறியோவின் நோர்த் பே நகரில் தோல் ஏலம் இன்னும் நடக்கிறது. அங்கே அனுப்புவதென்றால் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை பிடித்ததுதான் தரம். தை கடந்து இனச்சேர்க்கைக் காலம் வந்தால் உரசி உரசி மயிர் தேய்ந்துவிடும். சொறி பிடித்த தோலை யாரும் வாங்கமாட்டார்கள். உரிக்கும்போது றப்பர் கையுறை போடுங்கள். தெற்கு ஒன்ராறியோவின் நரி, கயோட்டிக் குடலில் மனிதருக்குத் தொற்றி ஈரலைக் கெடுக்கிற நாடாப்புழு இருக்கிறது. ஒரு பெட்டி கையுறை பதினைந்து இருபது டொலர், அதை முதலில் வாங்குங்கள்.