எறும்பு போடும் மருந்து

கேள்வி: இலைவெட்டி எறும்புகள் 5 கோடி ஆண்டுகளாக உரமும் இல்லாமல், மருந்தும் இல்லாமல், ஒற்றுமையாக விவசாயம் செய்கின்றனவாமே! மனிதனுக்கு ஏன் அந்தப் புத்தி வரவில்லை?

பதில்: உங்கள் கேள்வியில் 5 கோடி என்பது மட்டும் ஏறக்குறைய சரி. உரம், மருந்து, ஒற்றுமை மூன்றும் தப்பு. உங்களுக்குச் சொன்னவர் பாதி படித்ததும் புல்லரித்துப்போய் மூடிவைத்துவிட்டார் போலிருக்கிறது.

நீங்கள் சொல்வது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் இருக்கிற எறும்புகள். அட்டா, அக்ரோமிர்மெக்ஸ் என்ற இரண்டு பேரினங்கள்தான் இதில் முக்கியம். (இலைகளை இழுத்து ஒட்டிக் கூடு கட்டுகிற முசுறு வேறு, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) எறும்புகளில் ஒரு பிரிவு பூஞ்சை வளர்க்க ஆரம்பித்து 5 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவை செத்தை, பூச்சிகளின் எச்சம் என்று கிடைத்ததைக் கொண்டுவந்து போட்டு வளர்த்தன. பச்சை இலையை வெட்டுகிற இந்தக் கூட்டம் ரொம்பப் பிந்தி வந்தது, ஒரு 2 கோடி ஆண்டுக்குள்தான்.

இத்தனை இலையும் எதற்கு என்பதே மனிதர்களுக்கு வெகுகாலம் புரியவில்லை. அமேசானில் பல வருடம் சுற்றிய ஹென்றி பேட்ஸ், கூட்டுக்குக் கூரை வேய்கின்றன என்று நினைத்தார். நிகராகுவாவில் சுரங்க வேலை பார்த்த தாமஸ் பெல்ட்தான் கூட்டைத் தோண்டிப் பார்த்துவிட்டு, இலை உணவு இல்லை, பூஞ்சைக்கான எரு என்று 1874இல் எழுதினார். பிரேசிலில் ஆல்ஃபிரட் மோலர் 1893இல் அதை உறுதி செய்தார்.

சரி, உரத்துக்கு வருவோம். வெட்டி வந்த இலையை உள்ளே இருக்கும் சின்ன எறும்புகள் நக்கிச் சுத்தம் செய்து, மென்று கூழாக்கி, அதன்மேல் தங்கள் கழிவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அப்புறம்தான் பழைய தோட்டத்திலிருந்து ஒரு கிள்ளு பூஞ்சையை எடுத்து நடுகின்றன. அந்தக் கழிவில் வெறும் தழைச்சத்து மட்டும் இல்லை. முன்பு தின்ற பூஞ்சையின் நொதிகள் எறும்பின் குடலில் செரிக்காமல் அப்படியே கடந்து வந்து, புது இலையை உடைக்கிற வேலையை அங்கே ஆரம்பித்து வைக்கின்றன. கொஞ்சம் யோசித்தால் பூஞ்சை தன் நொதியை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்புகிற மாதிரிதான் இது, வண்டி எறும்பு. பதிலுக்குப் பூஞ்சை தன் இழைகளின் நுனியை முத்து முத்தாக உப்பவைத்து, உள்ளே சத்தை நிரப்பிக் கொடுக்கிறது. புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு. வளர்ந்த எறும்புகள் இலை வெட்டும்போது வழிகிற சாற்றையும் குடித்துக்கொள்ளும்.

மருந்து இல்லையா? எஸ்கோவாப்சிஸ் என்று இன்னொரு பூஞ்சை இருக்கிறது. இந்தத் தோட்டங்களைத் தேடி வந்து அழிக்கிற களை. எறும்புகள் அதைப் பிடுங்கி எறிகின்றன, வித்துகளை நக்கி எடுத்து வாய்க்குள் இருக்கிற ஒரு சின்னப் பையில் சேர்த்துக் குப்பையில் கொண்டுபோய்த் துப்புகின்றன. அதோடு நிற்பதில்லை. அக்ரோமிர்மெக்ஸ் எறும்புகளின் உடம்பில் வெள்ளை மாவு பூசினதுபோல ஒரு படலம் தெரியும், மெழுகு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அது சூடோனோகார்டியா என்ற பாக்டீரியா, களைப் பூஞ்சையை அடக்குகிற நுண்ணுயிர்க்கொல்லியைச் சுரக்கிறது என்று கேமரான் கர்ரியும் அவர் குழுவும் 1999இல் கண்டுபிடித்தார்கள். மருந்துப் புட்டியை உடம்பிலேயே கட்டிக்கொண்டு திரிகிற விவசாயி. அட்டா எறும்புகளிடம் இந்த பாக்டீரியா இல்லை, அவை உடம்புச் சுரப்பிகளில் ஊறுகிற மருந்தை வைத்துச் சமாளிக்கின்றன. ஆக, மருந்தில்லாத விவசாயம் இரண்டிடமும் கிடையாது.

இன்னொன்று சொன்னால் வருத்தப்படுவீர்கள். ஒரு கூட்டில் பல இனங்கள் கலந்த பயிர் கிடையாது, ஒரே ரகம்தான். அக்ரோமிர்மெக்ஸ் கூட்டில் வேறு கூட்டின் பூஞ்சை ரகத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கூட்டு எறும்புகளின் கழிவு பட்டதும் அது வாடிப்போகிறது, ஏனென்றால் அந்தக் கழிவில் இருப்பது இவை தின்ற பூஞ்சையின் சரக்கு. பயிரே உழவனைக் காவலுக்கு வைத்துப் போட்டியைத் தீர்த்துக்கட்டுகிறது என்றால், அங்கே யார் யாருடைய முதலாளி? என்னைக் கேட்டால் பூஞ்சை பக்கம்தான் சாய்வேன். அதற்கு ஒவ்வாத இலை வந்தாலும் இதே கதைதான். பூஞ்சைக்கொல்லி தடவிய துண்டுகளை வைத்தால் எறும்புகள் முதலில் சந்தோஷமாகத் தூக்கிப்போகும், பிறகு தோட்டம் நலிகிறதை உணர்ந்து, நல்ல துண்டையே வைத்தாலும் வாரக்கணக்கில் அந்த வகையைத் தொடாது. எறும்புக்கும் தப்பிக்க வழி இல்லை. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணுக்களைத் தொலைத்துவிட்டது, பூஞ்சை ஊட்டினால்தான் உண்டு.

ஒற்றுமை... குப்பை அள்ளுகிற எறும்புகளைப் போய்ப் பாருங்கள். அட்டாவில் பெரும்பாலும் வயதானவற்றுக்குத்தான் அந்த வேலை. நோய்க்கிருமி நிறைந்த இடம் அது. அங்கே போனது தோட்டப் பக்கம் திரும்ப வந்தால் மற்றவை கடித்துத் துரத்தும். கூட்டில் பல லட்சம் எறும்புகள் இருக்கும்போது இதில் தப்பு சொல்ல முடியாது, ஒரு தொற்று உள்ளே வந்தால் எல்லாம் போச்சு. ஆனால் இதை ஒற்றுமை என்று நீங்கள் எழுதுவதற்கு முன்னால் அந்தக் கிழட்டு எறும்பையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிரேசில் விவசாயியிடமும் கேட்டிருக்கலாம். அங்கே இதன் பெயர் சாவுவா. ஆரஞ்சுத் தோப்பையும் யூகலிப்டஸ் தோட்டத்தையும் மொட்டையடிக்கிற முதல் எதிரி. காட்டுக்குள் கதை வேறு, மண்ணைக் கிளறிப்போட்டு, குப்பைக்குழியில் சத்தைக் குவித்து, மரங்களின் வேருக்கு நல்லதும் செய்கிறது.

அட்டாவின் புது ராணி தாய்க்கூட்டை விட்டுப் பறக்கும்போது வாய்க்குள் இருக்கிற அதே சின்னப் பையில் ஒரு துணுக்குப் பூஞ்சையை வைத்துக்கொண்டுதான் கிளம்பும். இணைசேர்ந்து, இறக்கையை உதிர்த்து, தனியாக மண்ணைக் குடைந்து இறங்கி அதைத் துப்பும். அந்தத் துணுக்கு கருகினால் கூடும் இல்லை, பெரும்பாலான ராணிகளின் கதை இந்தக் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை. பூஞ்சையைத் தான் தின்னாமல், பறக்க உதவிய தசையையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்து உயிரைப் பிடித்துக்கொண்டு, அந்தத் துணுக்கின்மேல் தன் கழிவைச் சொட்டுவிடும். இலை வெட்ட ஒரு வேலைக்கார எறும்புகூட இன்னும் பிறக்கவில்லை, உரம் போட ஆரம்பித்தாயிற்று.