கியர் விழவில்லையா? பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே வயதான மேனுவல் கார்களின் கியர் தொல்லை பற்றியவை. பதிலுக்குப் போகும் முன் எல்லோருக்கும் ஒரு வேலை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்த நிலையில் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழும் கியர், எஞ்சின் ஓடும்போது முரண்டு பிடித்தால் கோளாறு பெரும்பாலும் கிளட்ச் பக்கம். இரண்டு நிலையிலும் இறுக்கம் என்றால் லிங்கேஜையும் (லிவரை கியர் பாக்ஸோடு இணைக்கும் கம்பிகள்) கியர் பாக்ஸையும் சந்தேகப்படலாம். (அணைத்த காரில் ஒரு கியர் மட்டும் முட்டிக்கொண்டு நின்றால் பயப்பட வேண்டாம். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றிருக்கும். காரை லேசாக நகர்த்திப் போட்டால் விழும்.)

கே: சிக்னலில் நிற்கும்போது முதல் கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் ‘கர்ர்ர்’ என்று அரைக்கிறது. பெடலை இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்தால் விழுந்துவிடுகிறது. கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். பெடலை அடித்தால் சரியாகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் பெடலின் அழுத்தத்தை ஃப்ளூயிட் மூலம் கிளட்சுக்குக் கடத்தும் ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்க வேண்டும், அல்லது பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டர் இரண்டில் ஒன்றின் சீல் போயிருக்க வேண்டும். அழுத்தம் போதாமல், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் முழுதாக விலகுவதில்லை. கிளட்ச் பிளேட், எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலோடு உரசிக்கொண்டே கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டை (எஞ்சினின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) சுற்றுகிறது. பல பழைய கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (பல் கோக்கும் முன் வேகத்தைச் சமன்படுத்தும் அமைப்பு) கிடையாது, அதனால்தான் முதலில் அலறுவது அதுவாக இருக்கிறது.

பெடலுக்கு மேலே, புஷ் ராட் உள்ளே போகும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் மாஸ்டர் கசிகிறது. ஸ்லேவ் வெளியே இருக்கும் வண்டி என்றால், அதன் ரப்பர் உறையின் ஓரத்தை லேசாக விலக்குங்கள். உள்ளே ஃப்ளூயிட் தேங்கியிருந்தால் குற்றவாளி அதுதான். எங்கும் ஈரமில்லாமல் மாஸ்டர் உள்ளுக்குள்ளேயே அழுத்தத்தை விடுவதும் உண்டு. சீலைச் சரிசெய்து, புது ஃப்ளூயிட் ஊற்றி, ஏர் எடுக்கச் சொல்லுங்கள். பல கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஃப்ளூயிட் எடுக்கின்றன. உங்களுடையது அப்படியானது என்றால், அளவு இறங்குவதைக் கண்டபின் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இத்தனையும் சரியாக இருந்தும் கியர் விழவில்லை என்றால்தான் கிளட்ச் பிளேட், கிளட்ச் ஃபோர்க் எல்லாவற்றையும் பார்க்க பாக்ஸை இறக்க வேண்டிவரும்.

கே: மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் அரைக்கிறது. குளிரில் இன்னும் மோசம். மற்ற கியர்கள் நன்றாக இருக்கின்றன.

ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால் கிளட்சைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டாவது கியரில்தான் இது அதிகம், ஏனென்றால் வேகத்தைச் சமன்படுத்தும் பளு அதன் மேல் நிறைய விழுகிறது.

ஆனாலும் முதலில் ஆயிலைப் பாருங்கள். உங்கள் காரின் கையேடு ஜிஎல்-4 (கியர் ஆயிலின் ஒரு தர வகை) கேட்டிருந்து, யாராவது ஜிஎல்-5 மட்டும் என்று குறித்த ஆயிலை ஊற்றியிருந்தால், அதன் வழுக்கல் சின்க்ரோவின் பிடிப்பைக் குறைக்கும். அதில் கூடுதலாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் சிலவகை பித்தளை ரிங்கை அரிக்கவும் செய்யலாம். ‘பெரிய எண், அதனால் மேலான ஆயில்’ என்று விற்பவர்களை நம்பாதீர்கள். சில பாக்ஸ்களுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஃப்ளூயிட்), சிலவற்றுக்கு எஞ்சின் ஆயிலே விதிக்கப்பட்டிருக்கும். கையேட்டின் சொல்தான் முடிவு.

மாற்றும்போது ஆயில் ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். அது துருவேறி இறுகியிருப்பது அடியிலுள்ள ஆயிலை வடித்தபின் தெரிந்தால், வண்டி நகராது. வடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சகஜம். பொன்னிறமாக மினுமினுத்தால் சின்க்ரோ கரைகிறது. கையில் தட்டுப்படும் சில்லு என்றால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது, ஓட்டாதீர்கள். புது ஆயிலுக்குப் பிறகும் அரைத்தால், சமயம் வரும்வரை நியூட்ரலில் கிளட்சை விட்டு, லேசாக ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்து இரண்டாவதைப் போட்டு ஓட்டலாம்.

கே: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாவது கியர் தானாக வெளியே வந்துவிடுகிறது.

லிவரைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பலர். தயவுசெய்து செய்யாதீர்கள், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் தேயும். முதலில் எஞ்சின் மவுண்ட், கியர் பாக்ஸ் மவுண்ட் இரண்டையும் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் ரேஸ் விடும்போது எஞ்சின் ஆடி லிங்கேஜை இழுக்கும். அடுத்து ஒருவர் லிவரை ஆட்ட, இன்னொருவர் பாக்ஸ் பக்கம் பார்க்கட்டும். லிவர் அசைந்தும் அங்கே அசைவு தாமதித்தால் லிங்கேஜ் மூட்டிலுள்ள புஷ் தேய்ந்திருக்கிறது. இவை சரியென்றால் உள்ளே டிடென்ட் ஸ்பிரிங் (போட்ட கியரை இடத்தில் பிடித்துவைப்பது), ஃபோர்க், மழுங்கிய பல், இவற்றில் ஒன்று. அதற்கு பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும்.

கே: நியூட்ரலில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது.

இன்புட் ஷாஃப்ட் பேரிங் மீதுதான் முதல் சந்தேகம். மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நின்றால் அது ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளுவது).