ஜெர்மன் காலனித் தபால்: கட்டணத்தை வைத்து உறையைப் படிப்பது எப்படி? (கேள்வி பதில்)

முதல் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மன் காலனித் தபால் உறைகளைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: தபால்தலையின் அழகைப் பார்க்கும் முன் ஒட்டியிருக்கும் தொகையைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை எதற்கு என்று சொல்ல முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கேள்வி: சார், விண்ட்ஹூக்கிலிருந்து (அன்றைய ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா, இன்றைய நமீபியா) பெர்லினுக்குப் போன இரண்டு கவர்கள் என்னிடம் இருக்கின்றன. 1898 கவரில் 20 பெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு, நூறு சேர்ந்தால் ஒரு மார்க்), 1901 கவரில் 10 பெனிக். இரண்டாவது போலியா?

பதில்: இரண்டும் சரியான கட்டணம்தான். 1899 மே 1 வரை காலனியிலிருந்து தாய்நாட்டுக்குப் போகும் கடிதத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணமே, அதாவது 15 கிராமுக்கு 20 பெனிக். அந்தத் தேதியிலிருந்து ஜெர்மனியின் உள்நாட்டுக் கட்டணம் காலனிகளுக்கும் வந்தது. கடிதம் 10 பெனிக், கார்டு 5 பெனிக். ஆறாயிரம் மைல் தாண்டிப் போகும் கடிதத்துக்கும் பக்கத்துத் தெருவுக்குப் போகும் கட்டணம்!

1900 ஏப்ரலில் உள்நாட்டு எடை வரம்பு 20 கிராம் ஆனது. அதைத் தாண்டினால் 250 கிராம் வரைக்கும் ஒரே 20 பெனிக்தான். அதனால் 1901-க்குரிய கவரில் 20 பெனிக் இருந்தாலும் பதற வேண்டாம், கனமான கடிதமாக இருக்கலாம். 30 பெனிக் இருந்தால் ரிஜிஸ்டர் சீட்டைத் தேடுங்கள். பதிவுக் கட்டணம் 20 பெனிக். ஆனால் 3 பெனிக்கிலிருந்து 80 பெனிக் வரை வரிசையாக ஒட்டிய கவர் என்றால், அது சேகரிப்பாளர் தனக்குத் தானே அனுப்பிக்கொண்டது. எனக்கு அதைவிட கப்பல் படம் போட்ட ஒற்றை 10 பெனிக் சிவப்புத் தலை ஒட்டிய அழுக்குக் கவர்தான் பிடிக்கும். யாரோ ஒருவர் உண்மையாகவே யாருக்கோ எழுதியது அது.

கேள்வி: ஜெர்மன் தபால்தலையில் ரூபாய் எப்படி வந்தது அண்ணா?

பதில்: நம் ரூபாய்தான் தம்பி! கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் முழுக்க இந்திய வணிகர்களின் கையில் இந்திய ரூபாய் புழங்கியது. ஜெர்மானியர்கள் அங்கே புழங்கவிட்ட நாணயமும் அதே அளவு, அதே எடை. ஒரு ரூபாய்க்கு 64 பெசா. நம் தாத்தாக்களின் காலணா கணக்கேதான். 1893-ல் 20 பெனிக் தலையின் மேல் 10 பெசா என்று மேலச்சு (அச்சான தலையின் மேலேயே இன்னொரு அச்சு) போட்டார்கள். 1905-ல் ரூபாய்க்கு 100 ஹெல்லர் என்று மாற்றினார்கள். 4 ஹெல்லர் கார்டுக்கு, 7½ ஹெல்லர் ஜெர்மனிக்குப் போகும் கடிதத்துக்கு, 15 ஹெல்லர் வெளிநாட்டுக் கடிதத்துக்கு.

என் மேஜையில் ஒரு உறை இருக்கிறது. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாரெஸ்ஸலாமிலிருந்து (இன்றைய தான்சானியா) பம்பாய்க்கு. நீல நிற 15 ஹெல்லர் தலை, அதில் இருக்கும் கைசரின் (ஜெர்மன் பேரரசரின்) படகின் மேல் பாதி முத்திரை. பின்பக்கம் பம்பாய் வந்துசேர்ந்த முத்திரை மங்கலாகத் தெரியும். இந்தியா வெளிநாடு என்பதால் 15. அதே கடிதம் ஹாம்பர்க்குக்குப் போயிருந்தால் 7½ போதும். பக்கத்தில் இருப்பவனுக்கு இரட்டைக் கட்டணம். ஒரு பேரரசு உலகத்தை எப்படிப் பங்கு போட்டது என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன.

கேள்வி: பசிபிக் கடலிலுள்ள கரோலின் தீவுகளின் தலையைக் குறுக்கே பாதியாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். செல்லுமா?

பதில்: பொனாப்பே (அந்தத் தீவுகளில் ஒன்று) முத்திரையும் 1905-ஆம் ஆண்டும் இருந்தால் செல்லும். அந்த ஏப்ரல் 20-ல் அடித்த புயலுக்குப் பிறகு அங்கே 5 பெனிக் தலைகளுக்குத் தட்டுப்பாடு. 10 பெனிக் தலையை மூலைக்கு மூலை வெட்டி, அலுவலக முத்திரையும் குத்தி 5 பெனிக்காகப் பயன்படுத்தினார்கள். வாங்கும் முன் நிபுணரின் சான்றிதழ் கேளுங்கள், கத்தரிக்கோல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

கேள்வி: ஐயா, இலங்கைத் தபால்தலை மேல் ஜெர்மன் கப்பல் தபால் முத்திரை விழுந்திருக்கிறது. இது எப்படி?

பதில்: கிழக்காசியா போகும் ஜெர்மன் தபால் கப்பல்கள் கொழும்பில் நின்று போகும். நடுக்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுத் தலை, அந்த நாட்டுக் கட்டணம். துறைமுகத்தில் நிற்கும்போது அந்த ஊர்த் தலை. இதுதான் உலகத் தபால் ஒன்றியத்தின் விதி. கொழும்பில் கப்பல் நிற்கும்போது யாரோ பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: தென்மேற்கு ஆப்பிரிக்கா, 1904. தலையே ஒட்டவில்லை, அபராதமும் இல்லை.

பதில்: படைத் தபால். போர்வீரர்களின் கடிதம் 50 கிராம் வரை இலவசம். ஹெரேரோ மக்கள் மீது நடந்த போர் அது. 2021-ல் ஜெர்மனி அரசே அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. ஆல்பத்தில் அந்த உறைக்குக் கீழே இதையும் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வாட்டர்மார்க் (காகிதத்துக்குள் தெரியும் நீர்க்குறி) உள்ள சமோவா 5 பெனிக், அந்தத் தீவின் தலைநகர் அப்பியாவின் முத்திரையோடு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1914 ஆகஸ்ட் 29-லேயே நியூசிலாந்துப் படை சமோவாவைப் பிடித்துவிட்டது. வாட்டர்மார்க் உள்ள சமோவா தலைகள் அதற்கு அப்புறம்தான் வந்தன. அவை பெர்லினில் சேகரிப்பாளர்களுக்கு மட்டும் விற்கப்பட்டவை, அப்பியா தபால் நிலையத்துக்குப் போகவே இல்லை. முத்திரை குத்தாத தலை கிடைத்தால் வாங்குங்கள்.