மேனிஃபோல்டு போல்ட் எஞ்சின் ஹெட்டுக்குள்ள ஒடிஞ்சா
எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (எஞ்சின் புகையை வெளிய கொண்டு போற குழாய்) ஹெட்டோட புடிக்கிற போல்ட் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகடு) பக்கம் ஒடிஞ்சு நிக்குது, ட்ரில் மெஷின் உள்ள போகலைன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல ஈஸி அவுட்டை (ஒடிஞ்ச போல்ட்ல ஓட்டை போட்டு உள்ள விட்டு கழட்டுற டூல்) எடுத்து ஓரமா வைங்க ப்ரோ, அது ஹார்டன் பண்ண ஸ்டீல், உள்ள ஒடிஞ்சா சாதா ட்ரில் பிட்டு ஏறவே ஏறாது.

மேனிஃபோல்டை கழட்டிட்டு துண்டு வெளிய 3, 4 மில்லி நீட்டிட்டு இருந்தா உங்களுக்கு யோகம்தான், நைட்டே துரு இளக்குற ஆயில் விட்டு ஊறவச்சு காலைல அது மேல ஒரு நட்டை வச்சு ஓட்டை வழியா மிக் வெல்டு (கம்பி தானா வர்ற கரண்ட் வெல்டிங்) அடிக்கச் சொல்லுங்க, ஹெட் அலுமினியம்னா அதுல வெல்டு ஒட்டாது பயப்படாதீங்க, கொஞ்சம் ஆறினதும் ஸ்பேனர் போட்டு முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டி எடுக்கணும். பேட்டரி வயர், ஆல்டர்னேட்டர் வயர் ரெண்டையும் கழட்டிடுங்க, பெட்ரோல் லைன் மேல ஈரச்சாக்கு.

துண்டு உள்ளயே மட்டமா நின்னா நடுவுல பஞ்ச் அடிச்சுட்டு, ஆங்கிள் ட்ரில்லுல (இடுக்குல போற வளைஞ்ச தலை ட்ரில்) இடதுபக்கம் சுத்துற பிட்டு போடுங்க. பாதி நேரம் அதுவே போல்ட்டை கழட்டி வெளிய கொண்டாந்துரும்.

மரை போச்சுன்னா ஹெலிகாயில் (புது மரை கொடுக்குற கம்பிச் சுருள்) போடணும். பாலக்காட்டுல கிடைக்கலைன்னா வாளையார் தாண்டி கோவைல லேத்து பட்டறைங்கள்ல கேளுங்க. போல்ட் 8 மில்லியா?